செய்தி நகைச்சுவையைச் செய்திப் பிரிவின் பொறுப்பில் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் ஞாயிறு வாரவெளியீட்டில், நடப்புச் செய்திகளை வைத்து வாசகர்கள் எழுதும் நகைச்சுவைத் துணுக்குகளுக்கு அரைப்பக்கம் ஒதுக்கப்பட்டிருப்பதையும், அதற்கு எழுதுமாறு இளைஞர்களைத் தாங்கள் அழைத்திருப்பதையும் மனமார வரவேற்கிறேன். வானொலியின் காலை நிகழ்ச்சிகளுக்கு இத்தகைய துணுக்குகளை நெடுங்காலம் எழுதியவன் நான். அந்த அரைப்பக்கம் நிலைத்து நிற்க வேண்டும் என்ற அக்கறையினாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். அதனைப் பொழுதுபோக்குப் பகுதியாகக் கருதாமல், செய்திப் பிரிவின் மேற்பார்வைக்குள் கொண்டுவாருங்கள். அதற்கான காரணங்களை விளக்கச் சற்று இடம் தருவீர்கள் என நம்புகிறேன்.

இதுவரை வெளிவந்தவற்றுட் பல, பழைய கணவன் மனைவித் துணுக்குகளிலும் வைத்தியர் நோயாளித் துணுக்குகளிலும் ஆட்களை மாற்றி, அமைச்சரையும் அவரது செயலாளரையும் உட்கார வைத்தவையாகவே இருந்தன. அவற்றை வாசித்துச் சிரிக்க முடிகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வாரம் பத்திரிகையையே பார்க்காத ஒருவரும் அவற்றுக்கு அதே அளவு சிரிப்பார். அமைச்சரின் பெயரை நீக்கிய பின்னரும் ஒரு துணுக்கு குறைவின்றி நிற்குமானால், அதற்கும் செய்திக்கும் தொடர்பில்லை என்றே கொள்ள வேண்டும். செய்தி நகைச்சுவையின் முதல் வரி செய்தி. இரண்டாவது வரி அந்தச் செய்தியிலிருந்து மட்டுமே பிறக்கக்கூடியது. எழுதப் பழகுபவர்கள் இரண்டாவது வரியைத் தேடி அலைகிறார்கள். உண்மையான உழைப்பு முதல் வரியிலேயே இருக்கிறது.

ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தின் மின்மாற்றியில் குரங்கு ஒன்று பட்டதால் மின் கட்டமைப்பின் சமநிலை குலைந்தது என்று மின்சக்தி அமைச்சர் ஊடகங்களுக்கு விளக்கமளித்தார். குரங்கு, இலங்கை, அழிவு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கேட்டதும் தமிழ் மனம் நேரே அனுமனிடம் ஓடும். அன்று வாலில் நெருப்பு, இன்று மின்மாற்றி என்ற பொருளில் அமைந்த துணுக்குகள் கைத்தொலைபேசிகளை நிறைத்தன. அவற்றில் தவறேதும் இல்லை. ஆனால் முதலில் தோன்றும் நகைச்சுவை எல்லோருக்கும் முதலில் தோன்றியிருக்கும் என்பதால், அதனை ஒரு தாளில் எழுதி ஒதுக்கி வைத்துவிட்டு அதற்கு அப்பால் செல்வதிலிருந்தே இந்தத் தொழில் ஆரம்பமாகிறது. அனுமனைப் பற்றிய துணுக்குக்கு இன்னொரு குறையும் உண்டு. அது குரங்கைப் பார்த்துச் சிரிக்கிறது. அன்று பொறுப்பில் இருந்தவர்களும் நாம் குரங்கைப் பார்ப்பதையே விரும்பியிருப்பார்கள். அந்தச் செய்தியில் உண்மையாகவே வியப்புக்குரியது வேறு விடயம்: ஒரேயிடத்தில் ஏற்பட்ட கோளாறை அந்த இடத்தோடு நிறுத்த முடியாமல், இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களின் மின்சாரத்தையும் சேர்த்து இழந்த ஒரு கட்டமைப்பு.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி வந்தது. பயிர்களுக்குச் சேதம் விளைவிக்கும் குரங்கு, மயில் முதலியவற்றைக் கணக்கெடுப்பதற்காக, மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை, தத்தமது வீட்டுத் தோட்டத்திலும் வயலிலும் காணப்படும் விலங்குகளை எண்ணித் தருமாறு அரசாங்கம் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டது. தனித்தனியே நின்ற இரண்டு செய்திகளை ஒன்றன் அருகில் ஒன்று வைப்பது இத்துறையின் மிகப் பயனுள்ள வழிகளுள் ஒன்று. ஆகவே இப்படி எழுதலாம்:

"நாட்டிலுள்ள குரங்குகள் எல்லாவற்றையும் ஐந்து நிமிடங்களில் எண்ணித் தருமாறு அரசாங்கம் கேட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் விட்டுவிடலாம். அதை மின்சார சபை ஏற்கெனவே எண்ணிவிட்டது."

இங்கே சிரிப்பு குரங்கின் மேல் விழவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னர் சொல்லப்பட்ட விளக்கத்தின் மேல் விழுகிறது. பெப்ரவரிச் செய்தியை மறந்த வாசகருக்கு இது விளங்காது. அதை நினைவில் வைத்திருப்பவருக்கோ, தாமாகவே இரண்டையும் இணைத்துப் பார்த்த மகிழ்ச்சி கிடைக்கிறது. அந்த இணைப்பை எழுதுபவர் விளக்கிச் சொல்லிவிட்டால், வாசகருக்கு வேலையே இல்லாமற் போகும்.

சொற்களின் வரிசையைப் பற்றியும் இங்கேயே குறிப்பிட விரும்புகிறேன். நம்மில் பெரும்பாலோர் இடறுவது இந்த இடத்தில்தான். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். மேலே உள்ளதை, "மின்சார சபை ஏற்கெனவே எண்ணிவிட்ட ஒரு குரங்கைத் தவிர மற்றவற்றை ஐந்து நிமிடங்களில் எண்ணித் தருமாறு அரசாங்கம் கேட்டிருக்கிறது" என்று எழுதினால், இலக்கணத்தில் பிழை இராது, தகவலும் அதுவே. ஆனால் ஒளித்து வைக்க வேண்டியது முதலிலேயே வெளியே வந்துவிடுகிறது. அதன் பின் வரும் சொற்கள் எல்லாம் சுமையாகின்றன. செய்தி எழுதும்போது ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடக்கும் பழக்கம் நமக்கு உண்டு. நகைச்சுவைக்கு அந்த வாக்கியத்தை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டி, எதிர்பாராத பெயரையோ வினையையோ கடைசி வாக்கியத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வினைமுற்றில் முடியும் மொழி நமக்கு வாய்த்திருப்பது பெரிய நன்மை, ஏனெனில் கடைசிச் சொல் வரும்வரை கேட்பவர் காத்திருந்தே ஆக வேண்டும்.

இதில் தமிழுக்கு நீண்ட மரபும் உண்டு. நாகைச் சத்திரத்தில் சோறு தாமதமானதைக் காளமேகப் புலவர் பாடிய வெண்பாவைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். பொழுது சாயும்போது அரிசி வருகிறது, உலையில் இடும்போது ஊர் உறங்கிவிடுகிறது, ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது வெள்ளி முளைக்கிறது. சத்திரக்காரரை அவர் ஒரு சொல்லாலும் வையவில்லை. நேரத்தை மட்டுமே வரிசையாகச் சொன்னார். அந்தச் சத்திரத்தில் பசியோடு காத்திருந்த ஒருவர் அன்றைய நடப்பைப் பற்றி எழுதிய நகைச்சுவையாகவே நான் அதனை எப்போதும் வாசித்து வந்திருக்கிறேன். நம் நாட்டிலும், 1960களில் கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'சிரித்திரன்' போன்ற ஓர் இதழைத் தமிழ் வாசகர்கள் பல ஆண்டுகள் தாங்கி நின்றார்கள். அதன் ஆசிரியர் சிவஞானசுந்தரம் கேலிச்சித்திரத்தையும் துணுக்கையும் தம் முழுநேரப் பணியாகக் கருதியவர். ஆகவே நமக்கு வாசகர்கள் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

செய்தி தானே நகைப்புக்கிடமாக வந்து நிற்கும் நாட்களும் உண்டு. 2020 செப்டம்பரில் தேங்காய்த் தட்டுப்பாட்டை விளக்குவதற்காக இராஜாங்க அமைச்சர் ஒருவர் தென்னை மரத்தில் ஏறி ஊடகங்களுக்குப் பேசினார். அதே ஆண்டு நவம்பரில் முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர், மீன் உண்பதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதைக் காட்ட, ஊடகவியலாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்தார். இவற்றை மேலும் மிகைப்படுத்த முயல்பவர் தோற்றுப்போவார், ஏனென்றால் நடந்ததை விடப் பெரியதை அவரால் கற்பனை செய்ய முடியாது. அப்படிப்பட்ட நாளில் கொள்கையின் பக்கம் திரும்பி, எளிய கேள்வி ஒன்றைக் கேட்பதே வழி. "தேங்காய்த் தட்டுப்பாட்டை விளக்க அமைச்சர் மரத்தில் ஏறினார். அமைச்சர் பத்திரமாக இறங்கிவிட்டார். விலை இறங்கவில்லை." இவ்வளவு போதும்.

இனி, முதல் வரியின் உண்மை பற்றி. இந்த நாட்டில் தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் தனியான ஒரு சிக்கல் இருக்கிறது. அமைச்சரவை முடிவுகளை அறிவிக்கும் ஊடகவியலாளர் சந்திப்பிலும் பாராளுமன்ற விவாதங்களிலும் பெரும்பாலானவர்கள் சிங்களத்திலேயே பேசுகிறார்கள். நாம் அவற்றைத் தமிழில் வாசிக்கும்போது, அவசரமாகச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பையே வாசிக்கிறோம். ஒரு கூற்று தமிழில் விசித்திரமாகத் தெரிவதற்கு, சொன்னவர் விசித்திரமாகச் சொன்னது காரணமாக இருக்கலாம். மொழிபெயர்த்தவர் களைத்திருந்தது காரணமாகவும் இருக்கலாம். இரண்டாவது வகையான வாக்கியத்தை வைத்து ஓர் அரசியல்வாதியைக் கேலி செய்வது நீதியாகாது. ஆகவே சிங்கள ஒலிப்பதிவைக் கேட்டு, அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பதை உறுதிப்படுத்திய பின்னரே எழுதத் தொடங்க வேண்டும். சிங்களம் விளங்காத இளம் எழுத்தாளருக்கு இதில் உதவக்கூடியவர்கள் தங்கள் செய்திப் பிரிவில் இருக்கிறார்கள். வாரவெளியீட்டில் அவ்வாறு உதவ எவருக்கும் நேரம் இருப்பதில்லை. என் வேண்டுகோளின் முதற் காரணம் இதுதான்.

உண்மை எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு 2022 மார்ச் மாதத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். காகிதத்துக்கும் மைக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன; காகிதம் இல்லாமல் ஓர் ஆங்கில நாளிதழும் ஒரு சிங்கள நாளிதழும் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்திக்கொண்டன. அக்காலத்தில், "பரீட்சைத் தாள் அச்சிடக் காகிதம் இல்லை, பணம் அச்சிட மட்டும் காகிதம் இருக்கிறது" என்ற கருத்தை வைத்து எழுதாதவர் குறைவு. கருத்து கூர்மையானது, இலக்கும் சரியானது. ஆயினும் மத்திய வங்கி பணம் அச்சிடுகிறது என்று நாம் அன்று பேச்சுவழக்கில் சொன்னது, பெரும்பாலும் அரசாங்கம் கடன் பெறுவதற்காக வெளியிடும் திறைசேரி உண்டியல்களை வாங்கி அரசாங்கத்தின் கணக்கில் பணத்தை வரவு வைப்பதையே. அதற்குக் காகிதம் தேவையில்லை. இதை அறிந்த ஒருவர் அந்தத் துணுக்கை ஒரே வாக்கியத்தில் தட்டிவிட்டுச் செல்ல முடியும். "பரீட்சைத் தாள் அச்சிடக் காகிதம் இல்லை என்கிறார்கள். பணம் அச்சிடுவதற்குக் காகிதமே தேவைப்படவில்லை" என்று மாற்றினால், அதே கோபம் சரியான தகவலின் மேல் நிற்கிறது, மறுக்கவும் எவராலும் முடியாது. தகவலைத் திருத்தும்போது நகைச்சுவை மங்கிவிடும் என்ற அச்சம் தேவையற்றது. திருத்தம் பெரும்பாலும் அதைக் கூர்மையாக்கவே செய்கிறது.

எவரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது அடுத்த விடயம். 2022 இல் எரிபொருள் நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் மக்கள் காத்திருந்தார்கள். காத்திருந்த முதியவர்கள் வரிசையிலேயே உயிரிழந்த செய்திகளும் வந்தன. அந்த வரிசையில் நின்றவரின் தூக்கத்தையும் வியர்வையையும் சண்டையையும் கேலி செய்த துணுக்குகள் அப்போது ஏராளம். நின்றவர்களே தங்களுக்குள் அப்படிப் பேசிச் சிரித்தது வேறு. அது அவர்களுடைய ஆறுதல். பத்திரிகை அதைச் செய்யும்போது, முடிவு எடுத்தவரை விட்டுவிட்டு முடிவின் பாரத்தைச் சுமந்தவரைக் குத்துகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளம் பற்றிய செய்தி வரும்போதும் இதே தவறு நேர்கிறது. மலையகப் பேச்சுமொழியைப் போலச் செய்து எழுதுவதையே நகைச்சுவை என்று நினைக்கிறார்கள். மட்டக்களப்புத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருவது. பேச்சுமொழி ஒருவருடைய வீடு. அதில் செய்தி ஏதும் இல்லை. செய்தி இருப்பது எண்களில். 2024 மே தின மேடையில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் வர்த்தமானியில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக வந்தது. "மே மாதத்தில் 1,700, செப்டம்பரில் 1,350. கொழுந்து வாடினால்தான் நிறை குறையும் என்று நினைத்திருந்தோம், மேடையில் பறித்த சம்பளமும் வாடுகிறது" என்று எழுதினால், அதைத் தொழிலாளியும் வாசித்துச் சிரிக்கலாம்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் எழுதுபவர்களுக்கு இன்னும் ஒரு பொறுப்பு உண்டு. எண்ணெய் நெருக்கடி நிலவிய 1973 ஆம் ஆண்டின் டிசம்பர் 19 ஆம் திகதி, அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரவு நிகழ்ச்சி நடத்திய ஜொனி கார்சன், மலசலகூடக் காகிதத்துக்கு நாட்டில் தட்டுப்பாடு ஏற்பட்டிருப்பதாக ஒரு நகைச்சுவை சொன்னார். காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் அரச அலுவலகங்களுக்கான விநியோகம் குறித்து விடுத்த எச்சரிக்கையே அதன் மூலம். கடைகளில் அதுவரை தட்டுப்பாடு இருக்கவில்லை. மறுநாள் முதல் மக்கள் முண்டியடித்து வாங்கியதால் கடைத் தட்டுகள் வெறுமையாயின. கார்சன் பின்னர் நிகழ்ச்சியிலேயே விளக்கம் சொல்ல நேர்ந்தது. உப்பு, தேங்காய், அரிசி, எரிவாயு எனப் பொருட்களுக்கு மாறி மாறித் தட்டுப்பாடு வரும் நம் நாட்டில், பிரபலமான ஒரு பத்திரிகையின் பெயரோடு வரும் ஒரு வரி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அன்று மாலையே வரிசைகளை உருவாக்கிவிட முடியும். துணுக்குகள் இப்போது பக்கத்தோடு வாசிக்கப்படுவதில்லை. அவற்றை மட்டும் வெட்டியெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 2012 இல் அமெரிக்க நையாண்டி ஏடொன்றில் வட கொரியத் தலைவரைப் பற்றி வந்த கேலிச் செய்தியை, சீனாவின் மக்கள் நாளிதழ் தன் இணையப் பதிப்பில் உண்மையென நம்பி 55 படங்களோடு வெளியிட்டது. ஒரு நாட்டின் பெரிய ஊடகத்துக்கே அது நேருமானால், தொலைபேசியில் வாசிக்கும் சாதாரண வாசகரைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு துணுக்கின் கட்டத்துக்குள்ளேயும் 'நகைச்சுவை' என்ற சொல்லை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தின் தலைப்பில் மட்டும் இருப்பது போதாது.

சட்டத்தைப் பற்றிப் பேசாமல் இந்த நாட்டில் இவ்விடயத்தைப் பேச முடியாது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, இன மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கும் பாரபட்சத்துக்கும் வழிகோலுவதைத் தடைசெய்கிறது. அப்பிரிவின் கீழ் 2023 மே மாத இறுதியில் மேடை நகைச்சுவையாளர் நதாஷா எதிரிசூரிய கைதுசெய்யப்பட்டு, ஜூலை 5 ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை வழங்கும்வரை விளக்கமறியலில் இருந்தார். இச்சட்டத்தின் கீழ் கைதாகும் ஒருவருக்கு நீதவான் நீதிமன்றம் பிணை வழங்க முடியாது. 2024 இல், இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. கேலிச்சித்திரக்காரரும் ஊடகவியலாளருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 ஆம் திகதி காணாமலாக்கப்பட்டதையும் எழுத்துத் தொழிலில் இருப்பவர்கள் மறந்துவிடவில்லை. பத்தொன்பது இருபது வயதில் தம் சொந்தப் பெயரோடு தங்களுக்குத் துணுக்கு அனுப்பும் ஒருவருக்கு இவை தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. செய்திக்குச் சட்ட ஆலோசனை பெறும் வழக்கம் பத்திரிகைகளில் இருக்கிறது. அதே பாதுகாப்பு இந்த அரைப்பக்கத்துக்கும் வேண்டும். இதனால் எழுத்து அடங்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. சரியான திகதியும் சரியான எண்ணும் பொறுப்பாளரின் முடிவும் தெளிவாக உள்ள துணுக்கை ஆசிரியர் தைரியமாக வெளியிடலாம். ஒரு மதத்தையோ இனத்தையோ பொதுவாகச் சுட்டும் துணுக்கை வெளியிடாமல் விடுவதால் அரசியல் விமர்சனத்துக்கு எந்த இழப்பும் இல்லை.

இறுதியாகக் காலம். 2023 மே 2 ஆம் திகதி அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, முதலில் நின்றவை அன்றாடச் செய்தியை நம்பிய இரவு நிகழ்ச்சிகளே. நாடகத் தொடர்களுக்குக் கையிருப்பு இருந்தது, இவற்றுக்கு இருக்கவில்லை. செய்தி நகைச்சுவையைச் சேமித்து வைக்க இயலாது. வாரவெளியீட்டின் உட்பக்கங்கள் வார நடுவிலேயே முடிக்கப்பட்டுவிடுவதால், திங்கட்கிழமைச் செய்திக்கு எழுதிய துணுக்கு ஞாயிற்றுக்கிழமை வாசகரைச் சேரும்போது, இடையில் அமைச்சர் தம் கூற்றை மாற்றியிருப்பார், விலை மாறியிருக்கும், சில வேளைகளில் அமைச்சரே மாறியிருப்பார்.

ஆகவே அரைப்பக்கத்தைப் பிரித்து, நாளிதழின் உட்பக்கம் ஒன்றில் நாள்தோறும் மூன்று நான்கு துணுக்குகளுக்கு மட்டும் இடம் கொடுங்கள். ஆக்கத்தோடு, அதற்கு அடிப்படையான செய்தியின் திகதியையும் அது வெளிவந்த ஊடகத்தையும் எழுதி அனுப்புமாறு கேளுங்கள்; அவற்றைச் செய்திப் பிரிவின் உதவி ஆசிரியர் ஒருவர் சரிபார்க்கட்டும். முதல் வரியில் தகவற் பிழை நேர்ந்துவிட்டால், செய்திக்குப் போடுவது போலவே மறுநாள் திருத்தம் போடுங்கள். சிறியதாயினும் ஒரு சன்மானமும் கொடுங்கள். ஒரு துணுக்குக்காகப் பத்து எழுதி ஒன்பதைக் கிழித்துப் போடும் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.